ஒரு சைஸ் பெரிசு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பேர் ஒரு ஜோடி ஷூவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான், என் கணவர், மகள் ஹேமா, அவளுடைய சிநேகிதி நஸ்ரின், அன்று காலைதான் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய என் தம்பி ரகு.

ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மட்டும் அதைப் பார்க்கவே பயம். எனக்கும் என் கணவருக்கும்.

ஷூ என்றா சொன்னேன்? ஹேமா படித்தால் கோபித்துக்கொள்வாள். அது ஸ்கேட்ஸ். அதிலும் சாதாரண ஸ்கேட்ஸ் இல்லை — 'அக்ரசிவ் இன்லைன் ஸ்கேட்ஸ்'. ஒரே வரிசையில் நாலு சக்கரம். அதை மாட்டிக்கொண்டு சமதரையில் ஒழுங்காகப் போய்வந்தால் யாரும் மதிக்க மாட்டார்களாம். படிக்கட்டிலிருந்து குதிக்க வேண்டும். இரும்புக் குழாய் மேல் ஏறி, அப்படியே சறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

"சாந்தமான ஸ்கேட்ஸ் எதுவும் கிடைக்காதாம்மா?" என்று என் கணவர் ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தார். கிடைக்கும், ஆனால் வேண்டாம் என்று பதில் வந்தது.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஹேமாவைத் தெரியும். பி.காம். இரண்டாம் வருஷம். சின்ன வயதில் சம்மர் கேம்ப்பில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள். மற்ற பிள்ளைகள் லீவு முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். இவள் கழற்றவே இல்லை.

நஸ்ரினுக்கு அவள் அண்ணன் துபாயிலிருந்து அக்ரசிவ் ஸ்கேட்ஸ் அனுப்பியதில் ஆரம்பித்தது எல்லாம். அவளுடைய அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் ஃபேப்ரிகேஷன் யூனிட். மிச்சம் விழுந்த குழாய் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து வெல்டிங் பண்ணிக் கொடுத்தார். மாடம்பாக்கம் பக்கம் ஒரு புது லே-அவுட் இருக்கிறது. சிமென்ட் ரோடு வந்துவிட்டது, வீடுதான் ஒன்றும் வரவில்லை. அங்கே குழாயைப் போட்டு, இருக்கிற ஒரு ஜோடியை இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சறுக்கினார்கள்.

ஒரு நாள் ஹேமா நொண்டிக்கொண்டு வந்தாள். கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கூடவே, "அதே எடத்துல இன்னொரு வாட்டி பிசகிச்சுன்னா கஷ்டம்மா. ஓடறது, குதிக்கறது எல்லாத்தையும் மறந்துட வேண்டியதுதான்" என்று ஒரு குண்டையும் போட்டார்.

என் கணவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை பிசகட்டும்... அன்னியோட சக்கரத்துக்கும் உனக்கும் சம்பந்தம் கிடையாது."

"சரிப்பா. ஆனா எனக்குன்னு சொந்தமா ஒரு ஜோடி வேணும். என் கால் அளவுக்கு."

நியாயமான கோரிக்கைதான். எங்கே வாங்குவது? தாம்பரத்திலிருந்து தி. நகர் வரை அலைந்தோம். எல்லாக் கடையிலும் குழந்தைகள் ஓட்டுகிற பிளாஸ்டிக் சமாசாரம்தான் மாட்டித் தொங்கியது. குழாயில் ஏறுகிற ஸ்கேட்ஸ் வேண்டும் என்றதும் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

அந்த நேரம் பார்த்து ரகு ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருவதாகச் சொன்னான். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் இடம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பாதாம் பருப்பு, வைட்டமின் மாத்திரை, ஷாம்பு — இவற்றோடு போட்டி போட்டு ஹேமா ஜெயித்தாள். ஆனால் ஒன்று. கடல் தாண்டி வருகிற பொருள். போட்டுப் பார்த்து வாங்கவும் முடியாது, சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அதனால் மேடம் ஆராய்ச்சியில் இறங்கினாள். மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரே கதி. அவள் தெரிந்துகொண்டு வந்ததெல்லாம் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்குப் பாடமாக நடக்கும். சக்கரம் சின்னதாக, கெட்டியாக இருக்க வேண்டும். ஷூவுக்கு அடியில் குழாய் வழுக்கிக்கொண்டு போக ஒரு பிளாஸ்டிக் தட்டு வேண்டும். தேய்ந்தால் அதைக் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஃப்ரேமின் நடுவில் ஒரு பள்ளம் வேண்டும்...

"நடுவுல இருக்கற ரெண்டு சக்கரமும் தரையிலயே படாதுப்பா. இன்னும் குட்டியா இருக்கும்."

"படாதா? அப்புறம் அது எதுக்கு?"

"குழாய் வந்து உக்காரணும்ல? எடம் வேணாமா?"

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "தரையில படாத சக்கரத்துக்கும் சேத்தா காசு வாங்கறான்?"

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி மாட்டிக்கொள்வதா, ரெடிமேட் ஜோடியா என்று ஒரு வாரம் குழம்பினாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். "சக்கரம் தேஞ்சா மாத்திக்கலாம். பேரிங், ஃப்ரேம் எதுவானாலும் அப்புறமா மாத்திக்கலாம். பூட், அதான் கால் போற ஷூ, அதை மட்டும் மாத்த முடியாதும்மா. அதனால முதல் ஸ்கேட்ஸுக்கு பூட் நல்லா அமைஞ்சா போதும். மத்ததெல்லாம் சுமாரா இருந்தாலும் ஓட்டிக்கலாம்."

எவ்வளவு தெளிவு பாருங்கள்! மாப்பிள்ளை பார்க்கும்போதும் இந்தப் புத்தி இருக்க வேண்டுமே என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ரகுவுக்கு மெயில் போனது. மாடல் பெயர், கலர், சைஸ் ஐந்து.

அப்பாடா என்று இருந்தோம். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

ரகு விமானம் ஏறிவிட்டான். நஸ்ரின் சாப்பிட வந்திருந்தாள். பேச்சுவாக்கில் என் கணவர் கேட்டார். "அன்னிக்கு எப்படிம்மா விழுந்த? இவ்வளவு நாளா ஓட்டற, அப்படி என்ன கவனக்குறைவு?"

"கவனக்குறைவெல்லாம் இல்லப்பா. நஸ்ரினோட ஸ்கேட்ஸ் எனக்கு ஒரு சைஸ் பெரிசு. அவ வருத்தப்படுவாளேன்னு அப்ப சொல்லல."

"ஆமா அங்கிள்" என்றாள் நஸ்ரின். "பூட் லூஸா இருந்தா உள்ள குதிகால் தூக்கும். நாம ஒரு பக்கம் திரும்பினா ஸ்கேட்ஸ் இன்னொரு பக்கம் போவும். கணுக்கால்தான் மாட்டும்."

"ஒரு சைஸ்தானே... ரெண்டு சாக்ஸ் போட்டா?"

"சான்ஸே இல்ல அங்கிள். சாக்ஸ் அமுங்கிடும். ஒரு சைஸ் பெரிசு போட்டுக்கினு குழாய்ல ஏறுறதும், நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி படுத்துக்கறதும் ஒண்ணுதான்."

என் கணவரின் கை ரசம் சாதத்திலேயே நின்றுவிட்டது. நான் கவனித்தேன். மோர் வேண்டாம் என்றார். மோர் வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பின்னாலேயே வந்தார். நான் கேட்காமலேயே நாலு துணியை மடித்து வைத்தார். விஷயம் பெரிசு என்று புரிந்துவிட்டது.

"ரகுவுக்கு போன் பண்ணினேன்."

"எப்ப?"

"போன வாரம். ஆபீஸ் பக்கத்து பூத்துல இருந்து."

"எதுக்கு?"

"அஞ்சு வேணாம், ஆறா வாங்கிடுன்னு சொன்னேன். வளர்ற கால்தானே..."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துணிக் கிளிப்பை அவர் மேல் எறிந்திருப்பேன். எறியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் எதைத்தான் அளவாக வாங்கினோம்? ஹேமாவின் யூனிஃபார்ம் பாவாடையைக் கீழே மடித்துத் தைத்து, வருஷாவருஷம் ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டது யார்? ஸ்கூல் ஷூவின் நுனியில் பஞ்சு அடைத்து அனுப்பியது யார்? நான்தான். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பிள்ளைகளுக்கு இன்றைய அளவில் வாங்கினால் நமக்குத் தூக்கம் வருமா?

ஆனால் இது பாவாடை இல்லையே! டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. அந்த லூஸ் ஸ்கேட்ஸோடு அவள் குழாயில் ஏறினால் கணுக்கால் போகும். ஏறக் கூடாது என்று தடுத்தால் அவள் மனசு போகும். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"இப்பவே அவகிட்ட சொல்லுங்க."

"வரட்டும். பாத்துக்கலாம். நான் ஏதாவது பண்றேன்."

அவர் பண்ணியது என்ன தெரியுமா? சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கி வந்தார். சாக்ஸ் அமுங்கும் என்று நஸ்ரின் சொன்னது பருத்தி சாக்ஸுக்குத்தானாம். கடைக்காரர், "இன்னா சார், இந்த வெயில்ல கம்பளி? ஊட்டிக்கா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு வாருங்கள்.

ரகு பெட்டியைத் திறந்தான். கறுப்பு ஸ்கேட்ஸ், சாம்பல் நிறச் சக்கரங்கள். ஹேமா ஒரு காலை உள்ளே விட்டாள். லேஸை இழுத்தாள், பக்கிளைப் போட்டாள். இன்னொரு கால். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"குதிகால் தூக்குதா?"

கேட்டது என் கணவர். சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். கை பாக்கெட்டில் இருந்தது. பாக்கெட்டில் கம்பளி சாக்ஸ்.

ஹேமா நேராக நின்றாள். "விரல் லேசா முன்னாடி இடிக்குது." முட்டியை மடித்தாள். "இப்ப இடிக்கல." குதிகாலை மேலே இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"தூக்கல! கொஞ்சம்கூட தூக்கல! சூப்பரா ஃபிட் ஆயிருக்கும்மா!"

"நல்லா பாரு" என்றார் இவர். "ஆட்டிப் பாரு. லூஸா இல்ல?"

"என்னப்பா, லூஸா இருக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"லூஸா ஏன் இருக்கப்போவுது?" என்றான் ரகு, பெட்டியிலிருந்து ஷாம்பு பாட்டில்களை எடுத்துக்கொண்டே. "அத்தான் சொன்ன சைஸ்தானே வாங்கினேன்."

அண்ணன் தம்பிகள் வாயைத் திறப்பதற்கென்றே சில நேரங்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள்.

"அப்பா சொன்ன சைஸா?"

"ஆமா. நீ அஞ்சுன்னு மெயில் போட்டிருந்த. அத்தான் போன் பண்ணி ஆறுன்னாரு. ஆறுதான் இது."

ஹேமா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

"ஆறா? என் கால் அஞ்சாச்சே? அப்புறம் எப்படி..." அப்படியே தரையில் உட்கார்ந்து, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, உள்ளே ஒட்டியிருந்ததைப் படித்தாள். "யூ.எஸ். ஆறு... யூ.கே. அஞ்சு."

முதலில் சிரித்தது நஸ்ரின்தான். "அடிப்பாவி! நம்ம கடையில இருக்கறது எல்லாம் யூ.கே. நம்பர்டி. அமெரிக்காவுல ஒரு நம்பர் கூட. அங்கிள் மட்டும் போன் பண்ணலைன்னா நீ கேட்ட அஞ்சு வந்திருக்கும். நம்ம ஊரு நாலு! கட்டை விரல்கூட உள்ள போயிருக்காது!"

புரிகிறதா உங்களுக்கு? பிரவுசிங் சென்டரில் பேரிங் வரைக்கும் படித்து முடித்த பெண், சைஸ் நம்பர் ஊருக்கு ஊர் மாறும் என்பதைப் படிக்க மறந்துவிட்டாள். ஒன்றுமே படிக்காத அப்பா வேறொரு தப்பைச் செய்தார். இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரியான ஸ்கேட்ஸ் ஆகி வந்து இறங்கியிருக்கிறது.

முந்தின நாள் மத்தியானத்துக்கு அப்புறம் எனக்கு அப்போதுதான் தாகமே எடுத்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் கணவருக்கு அதற்குள் முதுகு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியா? அப்பா எது செஞ்சாலும் ஒரு கணக்கு இருக்கும்" என்றார்.

ஹேமா விடவில்லை. "என்ன கணக்கு? எதுக்கு ஆறு சொன்னீங்க?"

"வளர்ற காலாச்சேம்மா..."

"அப்பா, என் கால் வளர்றது நின்னு நாலஞ்சு வருஷம் ஆச்சு."

"அப்படியா?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. ஸ்கேட்ஸ் மாட்டிய அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமாவும் சண்டையை அதோடு விட்டுவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் லே-அவுட்டுக்குப் போனோம். என் கணவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. புது வண்டிதானே என்று எலுமிச்சம்பழம் எடுத்து வந்திருந்தார். அந்தக் குட்டிச் சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறுவேனா என்றது. கடைசியில் அவரே செருப்புக் காலால் மிதித்து நசுக்கினார்.

ஹேமா தூரத்திலிருந்து வேகமாக வந்தாள். குதித்தாள். குழாய் மேல் கிறீச்சென்று ஒரு சத்தம். இவர் என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அவள் அந்தப் பக்கம் இறங்கினாள் — இரண்டு காலும் தரையில், கணுக்கால் நேராக. திரும்பி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அவ்வளவுதானா?" என்றார், ஏதோ தினமும் பார்க்கிறவர் மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறார். துடைத்துக்கொள்ளட்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இனிமேல் யாருக்கும் எதுவும் பெரிசாக வாங்க மாட்டேன் என்று திரும்பி வரும்போது என்னிடம் வாக்குக் கொடுத்தார்.

அந்தக் கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடியும் சும்மா கிடக்கிறதே, குளிர்காலத்தில் ஹேமா போட்டுக்கொள்ளட்டும் என்று நேற்று எடுத்து விரித்துப் பார்த்தேன்.

ஒரு சைஸ் பெரிசு.