கப்பலுக்கு முடிந்த காசு

அன்றைக்கு எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தவர்கள் ஐந்து பேர். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிற அம்மா, மூன்றாம் ரூமில் குடியிருந்த பெண்கள் இரண்டு பேர், என் வீட்டுக்காரர், நான். ஆறாவது ஆள் இல்லை. கேட்டுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று நானே இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு பெண்ணின் வேலை போவதற்கு ஒரு காது போதும் என்று எனக்குப் பயம்.

மண்ணூரில் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் கடன் வாங்கி வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற தெற்கத்திப் பிள்ளைகள்தான் குடியிருப்பார்கள். அந்த அம்மா ஒரு மாதத்துக்கு ரூம் கேட்டு வந்து நின்றபோது நான் கதவைப் பாதிதான் திறந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் நல்ல லாட்ஜ் இருக்கும்போது இங்கே எதற்கு? நரைத்த தலை, பேன்ட் சட்டை, தோளில் ஒரு பை. பேசினால் யாழ்ப்பாணத் தமிழ். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு வெளிநாடு போனவராம். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த நான், வெளிநாட்டுக்காரரைத் தங்க வைத்ததற்காக என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்பினேன். என் வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்து வேண்டியதையெல்லாம் பதிந்துவிட்டு வந்தும், ஒரு வாரம் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் நான் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாவோ எங்கள் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் துணி துவைத்துக்கொண்டு, "தங்கச்சி, உங்கட ஊர்ச் சோப்புக்கு நுரை காணாது" என்று சிரிப்பார்.

என்ன எழுதுவீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "குண்டு எங்கை விழுந்ததெண்டு எல்லாரும் எழுதுவினம். அது விழேக்குள்ள சனம் ஆரைக் கூப்பிட்டதெண்டு நான் எழுதுறன்" என்றார். எத்தனையோ நாட்டுச் சண்டைகளைப் பார்த்தவர். இரண்டு பக்கத்துக்காரர்களும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள் என்பார். உங்களுக்கு எந்தச் சாமி என்று கேட்டால் மட்டும், "எனக்கு வழியிலை துலைஞ்சு போச்சுது" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிப்பார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சாமியைத் தொலைத்தவர் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுடைய சாமியை எழுதிக்கொண்டு திரிகிறாரே என்று அப்போது அதிசயமாக இருந்தது. தொலைத்தவர்தானே தேடுவார் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் இங்கே வந்ததற்குக் காரணம் செங்கடல். அந்தப் பக்கம் சண்டை நடந்ததால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. கம்பெனிகளுக்கு வர வேண்டிய பார்ட்ஸ் வரவில்லை. கம்பெனியில் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையை நிறுத்தினார்கள், பிறகு ஒரு ஷிப்டையே நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் ரூம் காலி. ரூம் காலியானால் பேங்குக்கு என்ன பதில் சொல்வது? அது வரைக்கும் வரைபடத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத நான், காலையில் எழுந்ததும் போனில் கப்பல் செய்தி பார்க்க ஆரம்பித்தேன். "செங்கடல் எங்க கீது, மண்ணூர் எங்க கீது? உன் கவலைக்கு எல்லையே கெடையாதாமே?" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். கேலி பண்ணிவிட்டு, "இன்னா, இன்னிக்கி எதனா கப்பல் வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்பார்.

இந்த நேரத்தில் வந்தது ஆயுத பூஜை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ரோபோவுக்கும் மாலை போடுவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள். மூன்றாம் ரூமில் மூத்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண். அவள் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அவள் வைக்கிற ஒவ்வொரு பீஸையும் அது பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பூஜையன்று இவள் அந்தக் கேமராக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். லீவு முடிந்து லைன் ஓடியதும் எல்லாப் பீஸுக்கும் சிவப்பு. வெகுநேரம் லைன் நின்றது. பொட்டு வைத்தது யார் என்று சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டால் வேலையை விட்டு அனுப்பப்போகிறவர்கள் பட்டியலில் அந்தப் பெயர்தான் முதலில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. ரூமுக்கு வந்து, அந்த அம்மாவிடம் மட்டும் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள்.

அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம். யாரைப் பற்றி எழுதினாலும் அனுப்புவதற்கு முன்னால் அவர்களை உட்கார வைத்து, எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டுவார். "இது நீங்கள் சொன்னதுதானே?" என்று கேட்பார். இல்லையென்றால் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுவார். அவர் ஆபீஸில் இதற்காகத் திட்டு வாங்குவாராம். அப்படிப் படித்துக் காட்டத்தான் அன்றைக்கு எங்களை மாடிப்படிக்குக் கீழே கூட்டினார். தூரத்துச் சண்டையில் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பெண் இயந்திரத்தையே கும்பிட்டாள் என்று போனது கட்டுரை.

மூத்தவள் தலையை நிமிர்த்தினாள். "நான் பயந்துட்டு வைக்கலம்மா. எல்லாரும் மிஷின் மேல வச்சாவ. கண்ணுக்கு யாருமே வைக்கல. நாள்பூரா என்னையப் பாத்துக்கிட்டே இருக்கது அதுதான. எங்க சூப்பர்வைசருக்குக்கூட என் மூஞ்சி தெரியாது."

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு அவளையே பார்த்தார். "நான் பிழையா எழுதிப்போட்டன் பிள்ளை" என்றார். அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதிப் படித்தார். சின்னவள் கை தட்டினாள், "அக்கா, நீ வெளிநாட்டுப் பேப்பர்ல வரப்போற!" என்று. நான்தான் கெடுத்தேன். "அம்மா, அந்தக் கம்பெனியோட மொதலாளிங்க வெளிநாட்டுல கீறாங்க. உங்க பேப்பர அவங்கதானே படிப்பாங்க? பேர் போடலன்னாலும் பொட்டு வெச்சது யாருன்னு தேட மாட்டாங்களா?"

மூத்தவள் முகம் வெளுத்தது. "எழுதுங்கன்னு ஆசயாத்தான் இருக்கு" என்றவள் முடிக்கவில்லை. அந்த அம்மா ஒரு நிமிஷம்கூட யோசித்ததாக எனக்கு நினைவில்லை. அவள் சொன்னதை எழுதியிருந்த துண்டைத் தாளிலிருந்து கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். "இந்த வருசம் நான் எழுதினதிலை நல்ல வசனம் இதுதான். வச்சிரு, உனக்குத்தான்." பிறகு தொட்டி ஓரமாகப் போய் நின்று போனில் பேசினார். எங்களுக்குப் புரியாத பாஷைதான், ஆனால் திட்டு வாங்குகிறவர் குரல் எந்தப் பாஷையிலும் தெரியும்.

திரும்பி வந்து, அனுப்ப இனி எதுவும் இல்லை என்று வெறுங்கையை விரித்துக் காட்டியபோது எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். பதினொரு ரூபாய். செங்கடல் சண்டையால் சுற்றிக்கொண்டு வருகிற பார்ட்ஸ் கப்பல் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று எங்கள் ஊர் எல்லையம்மனுக்கு வேண்டி முடிந்தது. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. "கேலியா இருக்கும்மா. அந்தக் கப்பல் பேருகூட எனக்குத் தெரியாது. எங்க அம்மன் ஏரிக்கரையத் தாண்டி எங்கியும் போனதில்ல. வேணும்னா என்னப் பத்தி எழுதிக்கோங்க. எனக்கு சூப்பர்வைசர் கெடையாது."

"அடிப்பாவி, கப்பலுக்கா முடிஞ்ச?" என்று சிரிக்க ஆரம்பித்த என் வீட்டுக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டினாயா என்று கேட்டார். அதை நான் நினைக்கவே இல்லை. இப்போது சேர்த்துக்கொள்ளலாமா என்றேன். "அப்ப நானும் போடலாமோ?" என்று பையைத் துழாவிப் பதினொரு ரூபாய் எடுத்தார். சாமியைத் தொலைத்தவர் என் முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் ஒன்றாக்கி, பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டினார். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது வருகிறேன், சேர்ந்து போய் உண்டியலில் போடுவோம் என்றார்.

என்னைப் பற்றிய கட்டுரை வந்ததும் அதை எனக்குத் தமிழில் படித்துக் குரலாக அனுப்பினார். கேட்கும்போது யாரோ தைரியசாலியைப் பற்றி எழுதியதைப்போல் இருந்தது. சில வாரங்களில் பார்ட்ஸ் வந்தது, ஓ.டி. திரும்பியது. பொட்டு வைத்தவர் யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மூத்தவள் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை, கல்யாணமாகி ஊரோடு இருக்கிறாள். நான் இப்போது எழுதியிருக்கிற இதைக்கூட அவளுக்குப் போனில் படித்துக் காட்டி, "இது நீ சொன்னதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அந்த அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஆடி இரண்டு தடவை வந்துவிட்டது. அவர் வரவில்லை. வேறொரு நாட்டுச் சண்டைக்கு எழுதப் போயிருக்கிறார். எப்போதாவது "இருக்கிறன் தங்கச்சி" என்று ஒரு வரி வரும். இப்போதெல்லாம் நான் கப்பல் செய்தி பார்ப்பதில்லை. அவர் இருக்கிற ஊரின் பெயரைத்தான் தேடுகிறேன். "கப்பல்தான் எப்பவோ வந்துட்ச்சே, சாமி காச வூட்ல வெச்சிக்கினு கீறியே" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் கட்டிய கை வந்து அவிழ்க்கட்டும். அது வரைக்கும் எல்லையம்மனுக்கு அவரும் நானும் தர வேண்டிய பாக்கி, இருபத்திரண்டு ரூபாய்.