இரண்டு பைகள் ரொகேயாவிடம் இருக்கின்றன

பத்து வயதுப் பெண் ஒருத்தியிடம் நான் பொய் சொன்னேன். "ரொகேயா உனக்கு எதுவும் அனுப்பலம்மா" என்றேன். அப்போது என் கைப்பேசியில் ரொகேயாவின் குரல் பதிவுகள் பதினொன்று இருந்தன.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்கிறார்கள்... பார்ப்போம்.

என் வேலை என்னவென்று தெரிந்தால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் மனத்தில் ஊறிய வெறுப்பைப் போக்குவது! பர்மாவின் வன்முறைக்குத் தப்பி வந்த ரோஹிங்யா குடும்பங்களின் பிள்ளைகளையும் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் சேர்த்து வைப்போம். இருவர் இருவராக உட்காரவைப்போம். இருவருக்கும் தெரிந்த மலாய் மொழியில் பேசிக்கொள்வார்கள். பழகினால் பயம் போய்விடும் என்று கூட்டந்தோறும் முழங்குகிறவள் நான்.

தர்ஷினியும் ரொகேயாவும் ஒரு ஜோடி. முதல் வாரம் தர்ஷினி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் வாரம் ஐந்து கல் விளையாட்டு. இங்கே கல்லுக்குப் பதில் அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பைகள். இருவரும் சேர்ந்து தைத்தார்கள். தர்ஷினியின் விரலில் ஊசி குத்தியதும் ரொகேயா தன் முக்காட்டின் நுனியால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் இருவரையும் பிரிக்க முடியவில்லை.

கடைசி ஞாயிறு பைகளைப் பங்கு போட்டார்கள். மூன்று தர்ஷினிக்கு, இரண்டு ரொகேயாவுக்கு. சந்தித்தால்தான் ஆட முடியும் என்பது அவர்களே போட்ட திட்டம். எங்கள் கையேடுகள் எதிலும் இல்லாத திட்டம்! மாதம் ஒருமுறை சந்திக்க வைப்பதாக நான் வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே ரொகேயாவின் குடும்பம் கடலுக்கு அக்கரையிலுள்ள கெப்பாலா பத்தாஸுக்குக் குடிபோனது. தர்ஷினியிடம் போட்டுக் காட்டச் சொல்லி, தன் அப்பாவின் கைப்பேசியிலிருந்து ரொகேயா எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள்.

முதல் குரலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வாசலில் தர்ஷினியின் அம்மா நின்றிருந்தார். மரியாதையான பெண்தான்.

"புரோகிராம் நல்லா இருந்துச்சு டீச்சர். ஆனா அது அங்கேயே முடியட்டும்லா. அந்த ஆளுங்க பழக்கம் வீடு வரைக்கும் வேணாம்."

நான் தலையாட்டினேன்.

அவர் பெற்றோர் சங்கத்தில் இருக்கிறார். அவர் முகம் சுளித்தால் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி பிள்ளைகளை அனுப்பாது. ஆக, நிகழ்ச்சியைக் காப்பாற்றினேனாம்! எதற்காக அந்த நிகழ்ச்சி...? இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். அவர் அப்படிச் சொன்னபோது என் மனத்தின் ஒரு மூலை ஒத்துப்போனது. என் மகளாக இருந்தால் நான் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

குரல்கள் வந்துகொண்டே இருந்தன. தர்ஷினி கேட்டாளா என்று ரொகேயா கேட்டாள். கேட்டாள் என்று எழுதினேன். பதில் வருமா என்றாள். வரும் என்று எழுதினேன். தர்ஷினியோ பள்ளியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஓடி வருவாள். அவளிடம் சொன்னதைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை அவள் கேட்கவில்லை.

நிகழ்ச்சி பற்றி நான் எழுதிய அறிக்கையின் அட்டையில் அவர்கள் இருவரும் சிரிக்கும் படம். 'வெறுப்பு குறைந்தது' என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. அன்று குறைந்திருந்தது. அதைத் திரும்ப வளர்த்தவள் யார் என்று எந்த அறிக்கையும் கேட்பதில்லை!

சென்ற வாரம் புதிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க அதே பள்ளிக்குப் போனேன். வராந்தாவில் தர்ஷினி தோழிகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். தரையில் ஐந்து பைகள். மூன்று பழையவை. இரண்டு புதுத் துணி.

"இந்த ரெண்டும் ஏது?" என்றேன்.

"நானே தச்சேன் டீச்சர். அவங்கல்லாம் அப்படித்தான்னு அம்மா அப்பவே சொன்னாங்க. நான்தான் நம்பல."

கைப்பேசி என் கையில் இருந்தது. ஒரே ஒரு விரல் அழுத்தம்... அழுத்தவில்லை. நன்றாகத் தைத்திருக்கிறாய் என்றேன்.

பதினோராவது குரல்தான் கடைசி. பைகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, தர்ஷினி எப்போது வருவாள் என்று அதில் கேட்கிறாள். அதன்பின் அவள் எதுவும் அனுப்பவில்லை. அவள் வீட்டில் என்ன சொல்லித் தந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

வரும் ஞாயிறு புதிய அணி தொடங்குகிறது. பைகளுக்கு அரிசி நான்தான் வாங்கிப் போக வேண்டும்.