ஆர்வோ ஆற்றை மூடிய கதை

தோர்னியோ ஆற்றுக்கு இந்தக் கரை பின்லாந்து, அந்தக் கரை சுவீடன். ஆறு உறைந்ததும் நடுவே பனிக்கட்டிமேல் ஒரு பாதை திறப்பார்கள். கார் போகும், தபால் வண்டி போகும், கல்யாணக் கூட்டமும் போகும். நடு ஆறு வரைக்கும் பாதை நம்முடையது. அந்தப் பாதிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஆர்வோதான் அதிகாரி. அதிகாரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு துளைக்கருவி, ஓர் அளவுகோல், 'பாதை மூடப்பட்டது' என்று எழுதிய ஒரு பலகை, அவ்வளவுதான் பரிவாரம். ஆனால் அந்தப் பலகையை ஆர்வோ நட்டுவிட்டால் அப்பீலே கிடையாது. ஒருமுறை அக்கரை மாப்பிள்ளை ஒருவன் கல்யாணத்துக்குக் காரில் வந்து மாட்டிக்கொண்டான். "மாப்பிள்ளை நடந்து வரலாம், கார் வரக்கூடாது" என்றார் ஆர்வோ. பாவம், அவன் ஈரக் கால்சட்டையோடு தாலி கட்டாத குறையாக மோதிரம் மாற்றிக்கொண்டான்.

அந்தப் பக்கத்துப் பாதிக்கு அதிகாரி ஸ்டூரே. ஆர்வோவின் மனைவி ஹில்க்காவுக்கு லெம்பி என்று ஒரு தங்கை. அவளைக் கட்டியவர்தான் இந்த ஸ்டூரே. ஆக, இருவரும் சகலைகள். சகலைகளுக்குள் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடந்தது. பனி இளகும் காலத்தில் பாதையை முதலில் மூடுகிறவன் பொறுப்பான மனுஷன், பின்னால் மூடுகிறவன் பொறுப்பில்லாத தடியன் என்று இருவருக்குள்ளும் பேசாத ஒரு பந்தயம். ஸ்டூரே எந்த நாளைச் சொன்னாலும் சரி, அதே நாள் அதே மணிக்கு ஆர்வோ மூடுவார். நம் கடிகாரம் அவர்களுடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் வெற்றி நம் கரைக்கே. இருபத்திரண்டு வருஷமும் இப்படியே.

அந்த வருஷம் ஏப்ரல் தொடக்கத்திலேயே கூரைப் பனி தொப் தொப்பென்று விழ ஆரம்பித்தது. காலையில் மேற்பரப்பு இறுகி நடக்கச் சுகமாக இருக்கும். மத்தியானம் ஆனால் தொடை வரைக்கும் புதையும். ஆற்றுப் பனிமேல் கணுக்கால் அளவு தண்ணீர். வாரம் ஒருமுறை நடு ஆற்றில் சகலைகள் இருவரும் துளை போட்டு அளப்பார்கள். அவரவர் குடுவையிலிருந்து அவரவர் காப்பி.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்கு மூடறேன்" என்றார் ஸ்டூரே.

"அம்பத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கு. காருக்கு நாப்பது போதுமே."

"எனக்குப் பயமா இருக்குப்பா. நீ தைரியசாலி, திறந்தே வச்சிரு."

தைரியசாலியாவது! மறுநாள் சரியாக நம் பன்னிரண்டுக்கு நடு ஆற்றில் பலகை நட்டாயிற்று. ஆர்வோ கைகளைக் கட்டிக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடி நின்றார். ஒரு மணி ஆயிற்று, அதாவது அக்கரையில் பன்னிரண்டு; இரண்டாயிற்று. ஸ்டூரே அசையவில்லை; சும்மா ஒரு நாளைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீலக் கார் தண்ணீரை இருபுறமும் வாரியடித்துக்கொண்டு வந்து, பலகைக்கு முன்னால் நின்றது. அது ஆர்வோவின் கார். உள்ளே இருந்தது ஹில்க்கா.

காலையில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "சரி" என்று இவரும் சொல்லியிருந்தார். பந்தய ஜோரில் மனுஷனுக்குப் பெண்டாட்டி அக்கரையில் இருப்பதே மறந்துபோயிற்று.

"பலகையை எடு, ஆர்வோ."

"நட்டாச்சே, ஹில்க்கா. பாலத்து வழியா சுத்தி வந்துடேன். எண்பது கிலோமீட்டர்தானே."

"பனி எவ்வளவு இருக்கு?"

"அம்பத்தெட்டு."

"அப்புறம் எதுக்கு மூடின?"

ஆர்வோ பூட்ஸைப் பார்த்தார்.

"நான் அங்க இருக்கேன்னு உனக்கு ஞாபகமே வரல. அப்படித்தானே?"

பனிக்குள் பூட்ஸ் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஹில்க்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்தார். "நான் போன வழியாத்தான் வருவேன். அதுவரைக்கும் லெம்பி வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டாள்.

முதல் மூன்று நாள் ஆர்வோ வீறாப்பாக இருந்தார். சட்டம் சட்டம்தான், பெண்டாட்டிக்கு ஒன்று ஊருக்கு ஒன்றா என்று கடையில் கேட்பவரிடமெல்லாம் சொன்னார். யாரும் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம். நான்காம் நாள் தொத்திறைச்சி தீர்ந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் எப்போதும் லெம்பிதான் எடுப்பாள். "அக்கா சவுனாவுல இருக்கா" என்பாள். காலை எட்டுக்கும் நீராவிக் குளியல், மத்தியானம் இரண்டுக்கும் நீராவிக் குளியல். அப்படி என்னதான் வேகவைக்கிறார்கள்?

ஆறாம் நாள் கடைக்காரி ஐலா தள்ளுசறுக்கு வண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னப்பா ஆர்வோ, ஜன்னலோரத்துத் தக்காளி நாத்தையெல்லாம் எடுத்துட்டு வரச்சொன்னா ஹில்க்கா."

"எதுக்கு?"

"அங்க ஜன்னல்ல வெயில் நல்லா விழுதாம்."

ஆர்வோ ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பனிக்காலத்திலேயே ஹில்க்கா விதைத்து, தினம் தினம் பேசி வளர்த்த நாற்று அது. அதைக் கேட்டு அனுப்புகிறாள் என்றால் காய் பறிக்கிறவரைக்கும் திரும்புகிற உத்தேசம் இல்லை. "நாத்து எங்கயும் வராது" என்று சொல்லிவிட்டு, ஐலாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நடந்து போகத் தடையில்லையே. பாதி வழியில் தண்ணீர் பூட்ஸுக்குள் ஏறி, ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்றது.

லெம்பியின் சமையலறையில் மூன்று பேரும் ஆற்றோர வழக்கப்படி காப்பியில் பாற்கட்டித் துண்டு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டூரே மரியாதையாக எழுந்து இன்னொரு கோப்பை வைத்தார். அந்த மரியாதைதான் ஆர்வோவுக்கு எரிச்சலாக இருந்தது.

"திறந்துடறேன், ஹில்க்கா. வீட்டுக்கு வா."

"திறக்கிறதுன்னா கடைச் சுவர்ல காரணம் எழுதி ஒட்டணுமே? அது உன் சட்டம்தானே? எழுது, பாக்கறேன்."

லெம்பி காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். ஆர்வோ எழுதினார்: 'நிர்வாகக் காரணங்களால்.'

ஹில்க்கா படித்துவிட்டுக் காகிதத்தை அடுப்பில் போட்டாள்.

'தட்பவெப்பம் சாதகமாக மாறியதால்' என்று அடுத்தது. கூரையிலிருந்து நீர் ஒழுகும் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு அதையும் அடுப்பில் போட்டாள்.

"அட, கஞ்சப்பிசினாரி மாதிரி வார்த்தையை எண்ணாத அத்தான், உள்ளதை எழுது" என்றாள் லெம்பி.

"ஊரே படிக்குமேடி!"

"நீ பலகை நட்டப்ப ஊரே பாத்துச்சு. நான் காரைத் திருப்பிட்டுப் போனதையும் ஊரே பாத்துச்சு" என்றாள் ஹில்க்கா. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "முப்பத்தஞ்சு வருஷம், ஆர்வோ. கடிகாரம் ஞாபகம் இருந்துச்சு உனக்கு."

ஸ்டூரேகூடச் சிரிக்கவில்லை. ஆர்வோ மூன்றாவது காகிதத்தை இழுத்தார். 'பனி போதுமான அளவு இருந்தபோதும் பாதையை மூடினேன். என் மனைவி அக்கரையில் இருந்ததை மறந்துவிட்டேன். பாதை திறக்கப்படுகிறது.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹில்க்கா போன வழியாகவே நீலக் காரில் வீடு திரும்பினாள்.

அந்தக் காகிதத்தைக் கடைச் சுவரில் படிக்க இரண்டு கரையிலிருந்தும் வந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை; நம் ஊரில் அதைவிடப் பெரிய கேலி கிடையாது. ஆனால் அன்று முதல் பெண்கள் எல்லோருக்கும் அக்கரையில் திடீரென்று வேலை முளைத்தது. ஒருத்தி நூல் வாங்கப் போவாள், ஒருத்தி நூலைத் திருப்பிக் கொடுக்கப் போவாள். போகும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, "வணக்கம் ஆர்வோ, நான் அக்கரைக்குப் போறேன், ஞாபகம் வச்சுக்கோ" என்பாள். ஆர்வோ தலையை ஆட்டுவார். வேறென்ன செய்ய?

பதினேழு நாள் கழித்து அளவுகோல் முப்பத்தொன்பது காட்டியது. இந்தத் தடவை மெய்யாகவே மூடவேண்டியதுதான். ஆர்வோ பலகையைத் தோளில் தூக்கியபோதே அக்கரையில் ஸ்டூரே தன் பலகையோடு சரிவில் இறங்குவது தெரிந்தது. ஓடினால் முந்திவிடலாம். ஆர்வோ ஓடவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தார். சேற்று பூட்ஸோடு சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஹில்க்கா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

"இருக்கேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஆற்றை மூடப் போனார்.