காக்கைச் சோறும் கரடித் துப்பாக்கியும்

அப்பு! அக்கா கூப்பிடுகிறேன்டா. எப்போதும்போல மாடியிலிருந்து "என்னக்கா?" என்று ஒரு குரல் கொடுத்தாயானால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இல்லை.

செய்தி வந்தபோது அடுப்பில் ரசம் நுரைகட்டி நின்றது. போன் செய்தது கீதா, என் தம்பி மனைவி. நர்ஸ் வேலை பார்ப்பவள், இந்த மாதிரிச் செய்தியை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பாள். அன்று அவள் வீட்டுக்கே சொல்ல வேண்டியிருந்தது. "மதினி, அவர் ஆபீஸ் பார்க்கிங்ல விழுந்துட்டாராம். நான் போறேன். நீங்க கதவைப் பூட்டிட்டு உள்ளேயே இருங்க." மாரடைப்பு. அவள் திரும்பி வந்தபோது கையில் அவனுடைய சின்ன எவர்சில்வர் டப்பா மட்டும்தான் இருந்தது.

நம் தமிழ்ச் சங்க மலரில் இதைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். பொங்கல் விழாவில் மைக் மக்கர் செய்தால் நீங்கள் தேடுகிற ஆள் அவன்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு, "அங்கே தனியா இருந்து என்னக்கா பண்ணப்போறே?" என்று விடாப்பிடியாக என்னை நியூஜெர்சிக்கு அழைத்துவந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

பார்சிப்பனியைத் தாண்டிப் போனால் எங்கள் வீடு. பின்னால் காடு. ஒருநாள் காலையில் சமையலறைக் கண்ணாடிக் கதவருகே போனேன். அந்தப் பக்கம் டெக் என்கிற மரத்தளத்தில் ஒரு கரடி நின்று மூக்கைக் கண்ணாடியில் வைத்து மூச்சு விட்டது. நடுவில் அந்தக் கண்ணாடி மட்டும்தான். தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்துச் சத்தம் போட்டேன். அது அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது.

அப்பு வந்ததும் சொன்னான்: "அக்கா, பகலெல்லாம் நீ தனியா இருக்கே. உனக்குன்னு ஒரு கைத்துப்பாக்கி வாங்கிடணும்."

"மதினிக்கு மிக்ஸி ஜார் மூடியே திறக்க வராது" என்றாள் கீதா.

"அதனாலதான் பார்த்து வாங்கணும்கிறேன்."

துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். அவர் சொன்னதையெல்லாம் அப்பு எனக்குத் தமிழில் சொன்னான். முதலில் கொடுத்ததில் மேல்பக்கத்தைப் பின்னால் இழுத்தால்தான் குண்டு ஏறும். மூட்டுவலி விரல்களுக்கு அது அசையவே இல்லை. அடுத்து ரிவால்வர். கரடியாயிற்றே என்று அப்பு இருப்பதிலேயே பெரியதைக் கேட்டான். கடைக்குப் பின்புறம் குறி போட்ட தாளைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்க்கிற இடத்தில் ஒரு தடவை அழுத்தினேன். கை கூரையைப் பார்த்து எகிறியது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவன் முகம் வாடிப்போனது. "பெருசா இருந்தா கரடிக்கு வலிக்கும்னு பார்த்தேன். உனக்குல்ல வலிக்குது."

பிறகு நடுத்தரமாக, நல்ல கனமான ரிவால்வர் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "முதல் குண்டைப் பார்க்காதக்கா. ரெண்டாவது எங்கே போகுதுன்னு பாரு. ரெண்டாவதும் தாளிலே விழுந்தா அதுதான் உன் துப்பாக்கி." விழுந்தது.

அப்போதுதான் பெரியவர் கேட்டார், உங்கள் வீட்டுக்குக் கரடி எதற்கு வருகிறது என்று. அப்பு உள்ளதைச் சொன்னான். அம்மா அப்பாவை நினைத்துக் காலையில் டெக் கைப்பிடிக் கட்டையில் காக்கைக்குச் சோறு வைப்பான். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோறு. பனி கொட்டினாலும் விடமாட்டான். பெரியவர் ரிவால்வரை வாங்கிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டார். முதலில் அதை நிறுத்திவிட்டு வா, கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டுச் சுடுவது நியாயமில்லை என்றாராம்.

காரில் கீதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தனை நாளா மாமனார்தான் வந்து சாப்பிடுறார்னு நெனச்சேன். இவ்ளோ முடியோட வருவார்னு தெரியாமப்போச்சே!" ஓட்டிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். எங்கள் அப்பாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.

மறுநாளிலிருந்து அந்தச் சோற்றை டப்பாவில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப்போனான். "விலாசம் மாறிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்க்கா. இனிமே ஆபீஸ் பார்க்கிங், கடைசி விளக்குக் கம்பம்." துப்பாக்கி வாங்குவதற்கான அனுமதிக்கும் என் பேரில் எழுதிப் போட்டான். நெய்வாசனை பழகிய கரடி சும்மா இருக்குமா? அது பிறகும் வந்து வந்து பார்த்தது.

அந்த விளக்குக் கம்பத்தடியில்தான் விழுந்து கிடந்திருக்கிறான். "டப்பா காலியா இருந்துச்சு மதினி. சோத்தை வச்சிட்டுத்தான் விழுந்திருக்கார்" என்றாள் கீதா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அனுமதி வந்தது. துக்க வீட்டில் துப்பாக்கி எதற்கு, வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வாருங்கள் என்று சொந்தக்காரர்கள் போனில் சொன்னார்கள். அவன் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. கீதா வேலைக்குப் போய் வரும்போது விளக்குப் போட்டு வைக்க ஒரு ஆள் வேண்டாமா? நான் எங்கும் போவதாக இல்லை.

கீதாவோடு கடைக்குப் போனேன். உன் தம்பி எங்கே என்று பெரியவர் கேட்டார். கீதா சொன்னாள். தொப்பியைக் கழற்றி அலமாரி மேல் வைத்தார். பிறகு சோற்றைப் பற்றிக் கேட்டார். "நோ ரைஸ் ஹோம்" என்று நானே சொன்னேன். அந்த ரிவால்வரை எடுத்து வைத்தார். சுட்டுப் பார்த்தேன். இரண்டாவதும் தாளில்தான் விழுந்தது, அப்பு.

அது இப்போது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. சாவி என் இடுப்பில். கரடி வந்தால் தட்டை அடித்துப் பார்ப்பேன், அதற்கும் மிஞ்சினால் துப்பாக்கியோடு நிற்பேன். இரண்டாவதைப் பார் என்று நீ சொன்னதும், கழுவித் துடைத்த அந்த டப்பாவும் என்னிடம் இருக்கின்றன.

அமாவாசை வருகிறது. டெக்கில் வைக்க மாட்டேன், அது நீ நிறுத்தியது. அந்த விளக்குக் கம்பத்துப் பக்கம் காரைத் திருப்பக் கீதாவுக்குக் கை வரவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு நிற்பேனே, சொல்லுடா அப்பு, உனக்கு எங்கே சோறு வைக்கட்டும்?