எனக்கும் ஒரு கார்டு

என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. நிச்சயம் ஆனதிலிருந்து கல்யாணம் வரை காத்திருந்து பார்த்தேன். ஒரு வரி வரவில்லை. சரி, எழுத வராத மனுஷன் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மனிதர் எழுதாத நாளே கிடையாது. பின்லாந்துக்கு எழுதுகிறார், ஜப்பானுக்கு எழுதுகிறார், கடல் நடுவில் இருக்கிற ஏதோ தீவுக்கு எழுதுகிறார்.

அவருக்கு ஹாம் ரேடியோ பைத்தியம், வீட்டில் இருந்தபடியே ஊர் உலகத்தில் இருக்கிறவர்களோடு வானொலியில் பேசுகிற பொழுதுபோக்கு. மொட்டைமாடியில் ஏரியல், கூடத்து மூலையில் செட். வானொலியில் யாரோடாவது பேசிவிட்டால், ‘ஆமாம், இன்ன நாளில் இன்ன நேரத்தில் நாம் பேசினோம்’ என்று உறுதி சொல்லி ஒரு கார்டு அனுப்ப வேண்டும். வந்த கார்டுக்குப் பதில் போடாவிட்டால் அந்த வட்டாரத்தில் மரியாதை போய்விடும். எழுத்தை அடித்துத் திருத்தினால் கார்டு செல்லாது. நம் ஊர் நேரம் போடக் கூடாது, உலக நேரம்தான். உறைக்கு வெளியே ரேடியோ சமாசாரம் எதுவும் தெரியக் கூடாது. உள்ளே பதில் தபால் செலவுக்கு டாலர் இருக்குமென்று வழியில் பிரித்துவிடுவார்களாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், உறை ஒட்டுவது நான். சாப்பாட்டு மேசை முழுக்கக் கார்டுதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

பின்லாந்திலிருந்து ஒரு பெண்மணியின் கார்டு வந்தது. ஊதா மையில், ‘எவ்வளவு இனிமையான குரல் உங்களுக்கு’ என்று எழுதியிருந்தாள். அதை என் எதிரிலேயே இரண்டு முறை படித்தார். அந்த இனிமையான குரலில் எனக்குக் கிடைப்பது “சாம்பார்ல உப்பு கம்மி.” அவளுக்குப் பதில் எழுத மட்டும் புதுப் பேனா வாங்கி வந்தார்.

“எனக்கும் ஒண்ணு எழுதுங்களேன்” என்றேன்.

“உங்கூட நான் ரேடியோல பேசலியே. பேசாத ஆளுக்கு கார்டு போட்டா பொய்யாயிடும்” என்றார், விளையாட்டே இல்லாமல்.

வந்த கோபத்தில், ரேடியோவில் பேச உரிமம் தருகிற பரீட்சைக்குப் பணம் கட்டினேன். குக்கர் விசிலுக்கு நடுவே படித்தேன், தேறினேன். உரிமம் கைக்கு வருவதற்குள் பொறுமை போய்விட்டது. அவருக்குப் பெருமைதான், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் எதற்காகப் பரீட்சை எழுதினேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையடக்க செட்டை எடுத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கீழே அக்கா புருஷன், எங்கள் பாவாவின் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போய் செட்டில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“வணக்கம்ங்க, உங்க குரல் கேட்டதுல ரொம்ப சந்தோஷம்” என்றார். ஆள் யாரென்று தெரிந்தேதான் சொன்னார், ஆனால் அந்நியரிடம் பேசுகிற அந்தக் குரலில். எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

அடுத்து ரிப்போர்ட். எதிராளியின் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று இரண்டு எண் சொல்ல வேண்டும். ஐந்து ஒன்பது என்றால் அதற்கு மேல் இல்லை. அரைகுறையாகக் கேட்டாலும் மரியாதைக்கு ஐந்து ஒன்பது என்று சொல்லிவிடுவது வழக்கம். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி வந்த குரல்களுக்கெல்லாம் அவர் அதைத்தான் தாராளமாகச் சொல்வார்.

“உங்க சிக்னல் நாலு மூணுங்க. பின்னால தறி சத்தம் வந்துகினு இருக்குது.”

அரக்கோணத்திலிருந்து திருப்பதி வரை செட் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பின்லாந்துக்காரிக்கு ஐந்து ஒன்பது, கட்டிய பெண்டாட்டிக்கு நாலு மூணா? பதிலே பேசாமல் செட்டை அணைத்தேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அவர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“என் கார்டு எங்க?”

“எப்படி எழுதறது? நீ எனக்கு ரிப்போர்ட்டே குடுக்கலியே. ரெண்டு பேரும் குடுத்தாத்தான் பேசினதா அர்த்தம். படிச்சிட்டுத்தானே பாஸ் பண்ண?”

“ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் அஞ்சு ஒன்பது, எனக்கு நாலு மூணு?”

“அவங்கல்லாம் வேத்து மனுசங்க, மரியாதைக்கு சொல்றது. உங்கிட்ட இன்னாத்துக்கு மரியாதை?”

“அந்த மரியாதைதாங்க எனக்கு வேணும்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆர்.கே.பேட்டை, அதே மாடி, அதே செட். பாவாவுக்கு அவசர ஆர்டர் வந்திருந்ததால் அன்று இரண்டு தறிகள் ஓடின. என் குரலே என் காதில் விழவில்லை.

“அஞ்சு ஒன்பதுங்க, ரொம்ப தெளிவா இருக்குது” என்றார். நானும் ரிப்போர்ட் கொடுத்தேன், முறையாக முடித்தோம்.

கார்டு தபாலில் வந்தது. ஒரே வீட்டில் இருந்தாலும் ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டிருந்தார். மலைக்கோயில் படம், உலக நேரம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அடியில், ‘உங்கள் இனிய குரலுக்கு நன்றி. மீண்டும் பேசுவோம்’ என்று எழுதியிருந்தார். அந்த வரியை ஆங்கிலத்தில் எத்தனை உறைக்குள் நானே வைத்து ஒட்டியிருக்கிறேன். பின்லாந்துக்காரிக்குப் போனதும் இதுதான். நாலு மூணு என்று அவர் வேறு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கென்று அவர் சொன்னது அது ஒன்றுதான், அதற்குத்தான் நான் கோபித்துக்கொண்டு செட்டை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.