நோவு எத்தனை மணிக்குத் தொடங்கியது?

நான் டொக்டராக இருக்கும் ஆஸ்பத்திரியின் வாசலில் எல்லாருக்கும் நெஞ்சு நோவுதான். காய்ச்சல்காரர், பல்வலிக்காரர், வயிறு கலக்கி வந்தவர், எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவார்கள். நெஞ்சு என்றால் வரிசையில் நிற்கத் தேவையில்லை, நேரே கட்டிலுக்குப் போகலாம் என்பது திருகோணமலைக் கரை முழுக்கத் தெரியும். ஓட்டோக்காரர்கள் வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்கோ" என்று நான் பலரை ஏசியிருக்கிறேன்.

அன்று காலை சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். அரை மயக்கம், வாந்தி, உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. என்ன கேட்டாலும் முனகல்தான் பதில்.

"நெஞ்சு நோவு பிள்ளை," என்றார் கூட வந்த மனைவி. அவருடைய சேலைத் தலைப்பில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

ஈசிஜி எடுத்தோம். வெளியே வந்த கடதாசியில் கோடுகள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. மாரடைப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று படிக்கும்போது காட்டித்தந்த அதே படம். அப்படியென்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போடவேண்டும். தாதி மருந்தை எடுத்துவிட்டார்.

போடமுதல் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். தலையில் அடிபட்டதா, அண்மையில் ஒபரேஷன் ஏதும் நடந்ததா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் மனைவி இல்லை என்றார்.

"நெஞ்சு நோவு எத்தனை மணிக்கு அம்மா தொடங்கினது?"

இருப்பதில் சுலபமான கேள்வி அதுதான். அவர் தங்களைக் கொண்டுவந்துவிட்டு நின்ற ஓட்டோக்காரரைப் பார்த்தார். ஓட்டோக்காரர் நிலத்தைப் பார்த்தார்.

"நேரம் தெரியாமல் ஊசி போட ஏலாது அம்மா, சொல்லுங்கோ."

அவர் அழத் தொடங்கினார். "நெஞ்சில்லைப் பிள்ளை. தலை. வலையிலை மீன் கழட்டிக்கொண்டு இருந்தவர், தலை வெடிக்குதெண்டு கத்தினவர், அப்பிடியே சரிஞ்சுபோனார். நெஞ்செண்டு சொன்னாத்தான் கெதியாப் பாப்பினம் எண்டு இந்தத் தம்பிதான் சொன்னவர்."

மீனவரின் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்து விறைத்து மடங்கவில்லை; மூளைக்குள் இரத்தம் கசிந்ததற்கு அது ஓர் அடையாளம். மூளையில் இரத்தம் கசிந்தால் இதயமும் அதிர்ந்துபோய், ஈசிஜியில் மாரடைப்பைப் போலவே எழுதுவதுண்டு. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் எங்கள் வீட்டுக் குசினியிலும் புகை வருமல்லவா, அதுபோல. அந்த ஊசி கசிவை நிற்கவிடாது. ஆளை எங்கள் கட்டிலிலேயே கொன்றிருக்கும். மருந்தைத் திருப்பி வைக்கச் சொன்னேன்.

அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஸ்கேனில் தலை நிறைய இரத்தம். அடுத்த நாள் அவர் இறந்துபோனார். ஆள் போனாலும் நான் பிழை விடவில்லை என்று எனக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. அது அவருடைய மனைவி பிரஷர் கிளினிக்குக்கு வரும்வரைதான்.

பிரஷர் பார்த்து முடிந்தும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ? நான் நெஞ்செண்டே சொல்லிக்கொண்டு நிண்டிருந்தா, அந்த ஊசியைப் போட்டிருப்பியள்தானே?"

"போட்டிருப்பம். ஆனா அம்மா..."

"எடுத்த மருந்தை நீங்கள் திருப்பி வைக்கச் சொன்னதைப் பாத்தனான். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா மனிசன் தப்பியிருப்பார். உண்மையைச் சொல்லி நானே அவரைச் சாகக் குடுத்திட்டன்."

ஒரு கடதாசியில் தலையையும் இதயத்தையும் கீறி, முதலிலிருந்து விளங்கப்படுத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டேன். அந்த ஊசி அவரைக் காப்பாற்றியிருக்காது என்று இரண்டு மூன்று விதமாகச் சொன்னேன். இவர் இதை நம்பாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே எண்ணம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையாட்டினார்.

"ஓம் பிள்ளை, விளங்குது."

அன்று "நெஞ்சு நோவு" என்று சொன்னாரே, அதே குரல். பொய் என்று தெரிந்தும் எனக்கு ஏச வாய் வரவில்லை.