ஒரே தடவை பயன்படுத்திய ஆரஞ்சுப் பை

இது நடந்தது. நம்பாதவர்கள் ஏரியூர் பக்கம் வந்தால் என் ஜீப்பின் கூரையை உள்பக்கமாகக் காட்டுகிறேன். மூன்று முறை கழுவியும் போகவில்லை. பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். எனக்கு நடந்தது போன ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தபோது.

என் மனைவி சுகுணாவின் தம்பி பெயர் அறிவழகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஐந்து நாள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்; சனிக்கிழமை ஊருக்கு வந்தால் காட்டு வீரன். கரடுமுரடான இடங்களில் வண்டி ஓட்டுவதற்காக 'தகடூர் தடம்பதிப்போர் பேரவை' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தான். தலைவர் அவன். உறுப்பினர் நான். பேரவையின் வண்டி என்னுடைய பழைய ஜீப். வாரம் நாலு நாள் தக்காளிப் பெட்டி ஏற்றி மார்க்கெட்டுக்குப் போவது அதில்தான். அது நின்றால் என் வீட்டு அடுப்பும் நின்றது.

சேற்றில் மாட்டினால் வண்டியை மீட்கக் கருவிகள் வேண்டுமாம். எதை வாங்குவது என்று ஆறு மாதம் ஆராய்ந்தான். ஆராய்ச்சி என்றால் படுத்துக்கொண்டு வீடியோ பார்ப்பது. ஒரு மம்பட்டி, ஓர் இரும்புச் சங்கிலி, இரண்டு பலகை போதும் என்றேன்.

"மாமா, சங்கிலியெல்லாம் உங்க காலத்தோட போச்சுங்க. இப்ப ஸ்ட்ராப்தான். ரப்பர் மாதிரி இழுபட்டு, வண்டியத் தூக்கி வெளிய வீசும்."

கடைசியில் ஓசூரில் யாரோ ஆன்லைனில் விற்ற முழு செட்டை வாங்கினான். ஒரு பெரிய ஆரஞ்சுப் பை, அதற்குள் அந்த ஸ்ட்ராப் என்கிற தடித்த நாடா. முன் பம்பரில் பொருத்துகிற வின்ச் ஒன்று, அதாவது மோட்டாரில் கம்பியைச் சுற்றி இழுக்கிற எந்திரம். ஓர் ஆள் உயர ஜாக்கி. விரல் தெரிகிற கையுறை.

"ஒரே ஒரு தடவைதான் யூஸ் பண்ணியிருக்காங்க மாமா. புதுசுங்க."

பை வைக்க இடம் வேண்டும் என்று என் மம்பட்டியையும் சங்கிலியையும் இறக்கி மாட்டுக் கொட்டகையில் போட்டான். எனக்குத் தெரியாமல்.

மணி 4.10. ஏரியூர் தாண்டி, காவேரியில் மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்குகிற இடம். கோடையில் தண்ணீர் இறங்கிக் கிடந்த வண்டல் தரை. மேலே காய்ந்து பாளம் பாளமாய் வெடித்திருக்கும். அடியில் களி. கருவிகளைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தலைவர் தண்ணீரைப் பார்த்து வண்டியை விட்டார்.

4.25-க்கு நான்கு சக்கரமும் அச்சு வரை இறங்கின.

வின்ச்சைப் போடுடா என்றேன். கம்பியை எதிலாவது கட்டினால்தான் அது இழுக்கும். வின்ச் இருப்பது முன்னால். முன்னால் இருப்பது காவேரி. அதில் எதைக் கட்டுவது? ஸ்ட்ராப்பை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். பேரவையில் இருப்பதே ஒரு வண்டி. ஜாக்கியை வைத்து அழுத்தினான். வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது. எல்லாவற்றுக்கும் கையுறை மாட்டி, போனில் படமும் எடுத்துக்கொண்டான்.

"மம்பட்டி எங்கடா?"

"அதுக்கு இடம் இல்லீங்க மாமா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைத் திட்டிவிட்டு, தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டேன். ஒகேனக்கல்லில் அன்று காலையிலிருந்தே வெள்ளம். முன் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் பத்தடி இருந்தது.

மணி 4.50. ஏழடி.

பின்சீட்டில் கிடந்த பையைத் திறந்தோம். உள்ளே இருந்த ஸ்ட்ராப் ஈரமாக இருந்தது. பிழிந்தால் சொட்டுகிற ஈரம். வீட்டு வாசலில் இரண்டு வாரம் வெயிலில் கிடந்த பை அது.

"தண்ணி பாட்டில் ஒழுகியிருக்கும்" என்றான்.

பாட்டில் என் கையில் இருந்தது. மூடி திறக்கவே இல்லை.

மணி 5.15. ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். தீர்த்தம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கரைமேல் நின்று சிரித்தார்.

"ஏனுங்க சார், மீனு புடிக்க வண்டியவே எறக்கிட்டீங்களா?"

"டெஸ்ட் பண்றோங்க" என்றான் அறிவழகன்.

"பண்ணுங்க, பண்ணுங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல காவேரி வந்து மார்க்கு போடும்." போனை எடுத்தார். "எங்கண்ணன் மவன் தர்மன் டிராக்டர் வெச்சிருக்கறான், வரச் சொல்றேன். அதுக்குள்ளார அந்தப் பின்னால குந்தியிருக்கற ஆளையும் எறங்கச் சொல்லுங்க. தொரையாட்டம் குந்திக்கிட்டு... பாரம் கொறையுமில்ல?"

"பின்னால யாரும் இல்லீங்கம்மா. நாங்க ரெண்டு பேர்தான்."

கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. போனில் இரண்டு வார்த்தை பேசினார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேகமாக மேடேறினார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மணி 5.40. மூன்றடி.

5.55. முன் சக்கரம் தண்ணீரில்.

6.05-க்கு டிராக்டர் வந்தது. தர்மன் இளைஞன். கெட்டியான தரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் தன் சங்கிலியை எடுத்தான். தலைவர் தடுத்தார்.

"வேணாம் பிரதர். ஸ்ட்ராப்லயே இழுங்க. அப்பதான் அது எப்படின்னு தெரியும்."

"தண்ணி ஏறுதுங்க..."

"ரெண்டு நிமிஷம்."

வாதாட நேரமில்லை. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். ரிவர்ஸ் கியர் போட்டேன். அறிவழகன் கரையில் நின்று படம் எடுத்தான். தர்மன் இழுத்தான்.

ஸ்ட்ராப் விறைத்தது. இழுபட்டது. இன்னும் இழுபட்டது.

ஜீப் நகர்ந்தது...

முன்னால். தண்ணீருக்குள்.

கண்ணாடியில் பார்த்தேன். டிராக்டரின் பெரிய சக்கரங்கள் மேட்டைப் பார்த்துச் சுற்றுகின்றன. ஆனால் டிராக்டர் பின்னால் வருகிறது. ஒரு அடி. இரண்டு அடி.

கதவிடுக்கில் தண்ணீர் புகுந்தது. என் கால் நனைந்தது.

அப்போது கேட்டது.

க்ளிக்.

பின்சீட்டில், சீட் பெல்ட் மாட்டுகிற சத்தம்.

என் ஜீப்பில் பின்சீட்டுக்கு பெல்ட்டே கிடையாது.

க்ளிக்... க்ளிக்... க்ளிக்...

மாட்டுகிற சத்தம் இல்லை. கழற்றப் பார்க்கிற சத்தம். கழலவில்லை.

பிறகு கூரையில்.

தப்... தப்...

உள்பக்கமிருந்து. உள்ளங்கையால்.

என் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மேலிருந்து. பனிக்கட்டி போல.

நான் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை.

தப்... தப்... தப்தப்தப்...

"அத்து விடுடா அதை!" என்று கத்தினேன்.

தர்மன் ஏற்கெனவே குதித்து ஓடி வந்திருந்தான். டிராக்டர் நின்றதில் தளர்ந்த ஸ்ட்ராப்பைக் கொக்கியிலிருந்து கழற்றி எறிந்தான்.

சத்தம் நின்றது.

தன் சங்கிலியை மாட்டினான். மாடு கட்டினாலும் கட்டலாம் போன்ற, துருப்பிடித்த, சாதாரண இரும்புச் சங்கிலி. ஒரே இழுப்பு. ஜீப் மேட்டில் நின்றது. மணி 6.14.

தர்மன் சங்கிலியைச் சுருட்டினான். டிராக்டரில் ஏறும்போது சொன்னான்.

"எங்கத்தை சொன்னது நெசந்தானுங்க. நான் இழுக்கறப்ப உங்க பின்னாடி ஒருத்தர் எழுந்து நின்னாருங்க."

திங்கட்கிழமை வாட்டர் சர்வீசில் வண்டியை விட்டேன். கழுவுகிற முருகேஷ் கூப்பிட்டான். "அண்ணே, உள்ளார மேல என்னங்க இது?"

பின்சீட்டுக்கு மேலே, கூரையில், சேற்றில் இரண்டு உள்ளங்கை. பத்து விரலும் அகல விரிந்து, மேலே தள்ளுகிற மாதிரி. தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறவே இல்லை.

புதன்கிழமை அறிவழகன் போன் செய்தான். பயந்துபோய் இல்லை, கோபமாக. ஸ்ட்ராப் தரமில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஓசூர் நம்பருக்குப் பேசினானாம். ஜாஸ்மின் என்று ஒரு பெண் எடுத்திருக்கிறாள். விற்றது அவள்தான். பொருள் அவள் அண்ணனுடையது.

"பொய் சொல்லலீங்க. எங்கண்ணன் அதை வாங்கிப் பிரிக்கவே இல்லை. ஏரியில வண்டி எறங்கினப்ப பை வண்டிக்குள்ளாரயே இருந்துச்சு. ஒரே ஒரு தடவைதான் யூஸ் பண்ணோம். மறுநா, அவரோட வண்டிய வெளிய இழுக்கறதுக்கு."

முன்னால் தண்ணீர் புகுந்ததும் அவர் பின்சீட்டுக்குத் தாவியிருக்கிறார். கால் அங்கிருந்த பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. கதவைத் திறந்தபோது இரண்டு கையும் கூரையைத் தள்ளியபடி விறைத்திருந்ததாம்.

"அந்தப் பையை ஆத்துல வீசிடு மாப்ள" என்றேன்.

அவன் வீசவில்லை. தலைவர்கள் நஷ்டப்படுவதில்லை. அன்று ராத்திரியே அதே ஆன்லைனில் போட்டிருந்தான். நானே பார்த்தேன்: 'முழு மீட்பு செட். ஆரஞ்சுப் பை. இரண்டே தடவை பயன்படுத்தியது. புதுசு மாதிரி.'

பதினோரு நிமிடத்தில் விற்றுவிட்டது. சேலத்துக்காரர் யாரோ என்றான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சமீபத்தில் அப்படி ஒரு பை வாங்கியிருந்தால், ஒரு காரியம் செய்யுங்கள். பையைத் தொட்டுப் பாருங்கள், ஈரமா என்று.

ஈரமாக இருந்தால், வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து... மேலே மட்டும் பாருங்கள். பின்னால் வேண்டாம்.